அம்மா பெயரில் ஒரு மதியச் சாப்பாடு

திண்டுக்கல்,
ஷவ்வால் மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பாஸிலாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீயும் மாப்பிள்ளை வாஜிதும் உடம்பு நோவில்லாமல், வேலையில் குறையில்லாமல் இருக்க ஐந்து வேளையும் கை ஏந்திக் கேட்கிறோம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். எல்லாரும் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, அதனால் அந்த வார்த்தையில் நீ கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. மயக்கம் இல்லை. ரமலானில் ஒரு நோன்பைக்கூட அவள் விடவில்லை, பெருநாள் கழிந்து வைக்கிற ஆறு நோன்பையும் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, ஒரு கடுதாசிக்கு இம்புட்டு நேரமா என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டுகிற குரலில் நல்ல தெம்பு இருக்கிறது.

போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நீ யோசிப்பாய். நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் கடைசி, அதற்குப் பிறகு பேனாவைக் கடைக்குச் சாமான் குறிக்கத்தான் தொட்டிருக்கிறேன், எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். சூசைமுத்து சார் மகள் ஜெஸ்ஸி உங்கள் மெல்போர்னுக்கே நர்ஸ் வேலைக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பிள்ளை என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பைபிளுக்குள் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் அங்கிள் என்று மட்டும் சொன்னாள். வந்து இறங்கியதும் அவளுக்கு ஒரு நாள் நல்ல சோறு போடு. குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொடு, அவள் கொண்டுவருவது கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் போடுகிற மெல்லிசுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரமலான் கடைசியில், நோன்பு திறக்கிற நேரம் பார்த்து நீ போன் செய்து அழுதாய். அத்தா, அம்மாவுக்கு என்ன செய்யுது, நோன்பு மாசத்துல தினம் மதியம் சோறு வாங்குது, இன்சுலின் வாங்குது, ஏன் எங்கிட்ட மறைக்கிறீங்க என்று கேட்டாய். பெருநாளைக்குப் பணம் அனுப்பச் சுலபமாக இருக்கும் என்று அம்மாவின் கணக்கை உன் போனோடு நீ சேர்த்து வைத்தாயே, அதில் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம், அது நியாயம்தான். ஆனால் போனை வைத்த கொஞ்ச நேரத்தில், நாங்கள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைப்பதற்குள், அம்மா போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் மகள் உங்கள் உடல்நலம் குறித்துக் கவலையாக இருக்கிறார், அருகிலுள்ள மையத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்கு நேரம் ஒதுக்கலாமா என்று நல்ல தமிழில், பிழையில்லாமல் கேட்டிருந்தது. உன் அம்மா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வீட்டுக்குள் மூன்றாவதாக ஒருவர் வந்து பாயில் உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது. அவள் எழுந்துபோய் அந்தப் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். மூடிய பிறகும் அரிசிக்குள்ளிருந்து அது ஒரு தடவை கூவியது. பாஸிலா, எனக்குப் பயமாகிவிட்டது. அதனால்தான் போனில் எதுவும் சொல்லவில்லை, நீயும் இனி இதைப் போனில் கேட்காதே.

இந்தப் புதுப் பணம் உனக்கு அங்கே எப்படிச் சொல்லப்பட்டதோ தெரியாது. நம் வட்டாரத்தில் மட்டும் சோதனையாகப் பார்க்கிறோம் என்று போன வருஷம் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே எல்லாரும் போனில்தானே அனுப்புகிறோம், இது என்ன பெரிய அதிசயம் என்று நானும்தான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். இது வேறு என்பது பிறகுதான் புரிந்தது. முன்பு செய்தது வங்கியில் கிடக்கிற நம் பணத்தை அனுப்புவது. இதில் ரூபாயே போனுக்குள் பிறந்து வருகிறது, வரும்போதே தன் வேலையைத் தெரிந்துகொண்டு வருகிறது. அரிசிக்கு என்று வந்த ரூபாய் அரிசிக்குத்தான் போகும். இந்த மாதத்துக்கு என்று வந்தது அடுத்த மாதம் இருக்காது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதை அது மறப்பதே இல்லை. நோட்டு செல்லாது என்று யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் செல்லும். ஆனால் மண்டியில் வாங்க மாட்டேன் என்கிறான், பெட்ரோல் பங்கில் சில்லறை இல்லை என்கிறான், நம் தெருவில் இருந்த ஏ.டி.எம். அறையில் இப்போது ஒருவர் இளநீர் விற்கிறார். சுமை தூக்குகிறவர்கள் கூலி, பென்ஷன், பெண்களுக்கு வருகிற உதவித்தொகை, கடைப் பிள்ளைகள் சம்பளம் எல்லாம் இதில்தான் வருகிறது.

நம் சாப்பாட்டுக் கடைக்கு, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற ஒரு பேசும் பெட்டியைக் கொடுத்தார்கள். மற்ற கடைகளில் இருப்பது தொகையை மட்டும் சொல்லும். இது ஆள் பெயரையும், வாங்கிய பண்டத்தையும் சேர்த்துச் சொல்லும், கணக்கு சுத்தமாக இருக்குமாம். சோலைமலை, ஒரு மதிய உணவு, நன்றி என்று ஒரு பெண் குரல். சோலைமலையை உனக்குத் தெரியும், தோல் குடோனில் மூட்டை இறக்குகிறவர், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தனக்கூடு காட்டினாரே, அவர்தான். முதல் நாள் தன் பெயரை ஒரு பெட்டி மரியாதையாகச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என் பெஞ்சாதி கூட இம்புட்டு அழகாக் கூப்பிட்டதில்ல பாய் என்று இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். நானும் சிரித்தேன்.

ரமலான் பிறந்ததும் சிரிப்பு நின்றது. நோன்பு மாதத்தில் நம் கடைவாசலில் திரை கட்டுவோமே, சின்னாளபட்டியில் எடுத்த கெட்டித் துணியில், அது உனக்கு மறந்திருக்காது. சின்ன வயதில் திரைக்குள்ளே யாரு அத்தா என்று நீ கேட்டதற்கு உன் அம்மா உன் வாயில் ஒன்று போட்டாள். உள்ளே நோன்பில்லாத சுமைக்காரர்கள் சாப்பிடுவார்கள், வழிப்போக்கர்கள் சாப்பிடுவார்கள், நோயாளிகள் சாப்பிடுவார்கள், நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களும் சாப்பிடுவார்கள். எதனால் நோன்பு வைக்கவில்லை என்பது அவரவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. பின்பக்கச் சந்து வழியாக அரிசி மூட்டை அறைக்கு வருகிறவர்கள் பெண்கள். அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இன்னொரு திரை. நான் தட்டைத் துணிக்கு அடியில் தள்ளுவேன், சாப்பிட்டு முடித்ததும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள், காசு டப்பாவில் விழும், நான் தட்டை இழுத்துக்கொள்வேன். எத்தனையோ வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு நாளும் துணியை விலக்கிப் பார்த்ததில்லை. திரை கட்டுகிறவனுக்கு அதுதான் மரியாதை.

இந்த வருஷம் முதல் நோன்பன்று, மதியம், திரைக்குள்ளே ஒருவர் போனைக் காட்டினார். பெட்டி அவர் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது. யார் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரிந்தவர்தான், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் கை கழுவக்கூட நிற்கவில்லை. மறுநாளிலிருந்து வரவில்லை, மதிய மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு பிடித்து, ஒரு ஜும்ஆ அன்று தொழுகையிலேயே சரிந்துவிட்டார், இப்போது தேவலை. நான் அந்தப் பெட்டியை முதலில் துண்டில் சுற்றினேன். பிறகு மிளகாய் மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். சத்தத்தைக் குறைக்கிற பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு அளவுக்குக் கீழே அது இறங்காது. மூட்டைக்குள்ளிருந்து பெயர் பெயராக வந்துகொண்டே இருந்தது, அந்தக் குரலில் கோபம் இல்லை, கேலி இல்லை, ஒன்றுமே இல்லை.

இனி ரிஃபாத்தைப் பற்றி எழுத வேண்டும், அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். உன்கூட எட்டாம் வகுப்பிலிருந்து படித்த அதே ரிஃபாத். வகுப்பில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்வாளே, அவளுக்கு மறைப்பாக நீ முன்னால் நிற்பாயே. அவள் வாப்பா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள், துணிக்கடையில் பில் போடுகிற வேலை. பெண்களுக்கு வருகிற உதவித்தொகை மாதக் கடைசியில் செலவாகாமல் இருந்தால் தானாக மறைந்துவிடுகிறது, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கம்மல் வாங்கக்கூட முடியவில்லை என்று நம் தெருப் பெண்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு அலுவலக வாசலில் உட்கார வைத்தாள். கோஷம்கூட இல்லை, பணத்தை இருக்க விடுங்கள் என்று அட்டையில் எழுதி மடியில் வைத்துக்கொண்டு ஒரு காலை நேரம் உட்கார்ந்தார்கள், மதியம் லுஹர் பாங்கு கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் போனில் அந்தக் கணக்கு சாம்பல் நிறமாகிவிட்டது. சரிபார்ப்பில் உள்ளது என்று ஒரு வரி, அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை. வழக்கு இல்லை. யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஊரே கூடியிருக்கும், ஜமாஅத்தில் பேசியிருப்போம், வக்கீல் பிடித்திருப்போம். அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார்களாம், எங்க பக்கம் எந்தத் தடையும் இல்லம்மா, சிஸ்டம் பாத்துக்கிட்டு இருக்கு என்றார்களாம். எதிரே நின்று சண்டை போட ஒரு முகம் இல்லை, பாஸிலா. சம்பளம் வந்து சேர்கிறது, அவள் தொட முடியவில்லை. பஸ் டிக்கெட் எடுக்க முடியவில்லை. அவள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் இரக்கப்பட்டு அவளுக்குக் கொஞ்சம் அனுப்பினார், அன்று சாயங்காலமே அவர் கணக்கும் சாம்பலாகி இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியது. அதற்குப் பிறகு அவளைப் பார்த்தால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். நல்ல ஜனங்கள்தான். பயம்.

அவளுக்கு நேரத்துக்குச் சோறு இல்லையென்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நோன்பன்று பின் அறையில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது. ஊசிப் பேனாவின் மூடியைத் திறக்கிற டக் என்ற சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை, தட்டைத் தள்ளினேன், சோறு, தால்சா, ஒரு முட்டை. டப்பாவில் காசு விழவில்லை, பெட்டியும் பேசவில்லை. பலகையில் இரண்டு தட்டுக் கேட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பத்து நோன்பு போயிருக்கும், கிளெமென்ட் என்கிற தம்பி வந்தான். அந்தத் திட்டத்தில் கடை கடையாகப் பார்க்கிற வேலை, நல்ல பையன். பாய், உங்க கடைல தினம் ஒரு சாப்பாடு பேரில்லாமப் போகுது என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லலை பாய், அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் இதுலதான வாங்குறீங்க, எத்தனை தட்டு வரணும்னு அதுக்குத் தெரியும், எத்தனை பேர் வந்தாங்கன்னும் தெரியும், ஒண்ணு இடிக்குது என்றான். யோசித்துப் பார், அவளை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் இல்லாத இடத்தை வைத்தே அது அவளைக் கண்டுபிடித்திருக்கிறது. அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திரை கட்டுகிறவன் சொல்ல வேண்டிய பதிலையே பழக்கத்தில் சொன்னேன், திரைக்குப் பின்னால யாருன்னு நான் பாக்குறதில்ல தம்பி என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. ஐயோ பாய், அப்படிச் சொன்னா அடையாளம் தெரியாத நபர்னு ஆயிரும், அடுத்து ஆள் அனுப்புவாங்க, நாளைலருந்து ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேரு வந்துரணும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கும் இது... என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிளகாய் மூட்டைக்குப் பின்னால் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று நோன்பு திறந்தபின் உன் அம்மாவிடம் சொன்னேன். நானே சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள், நோன்பு வாயால் அந்தப் பொய் எனக்கு வரவில்லை. அவள் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மறுநாள் மதிய நேரம், வெயில் கொளுத்துகிறது, கடைக்கு முன்னால் வந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நோன்பு மாதத்தில் மதியம் அவள் கடைப்பக்கம் வந்ததே கிடையாது. போனை எடுத்துக் காட்டினாள். குர்ஷித் பேகம், ஒரு மதிய உணவு, நன்றி என்றது பெட்டி. எதிரே தையல்கடையில் மிஷின் நின்றது. உள்ளே இழுத்துப்போய் என்ன காரியம் செய்தாய் என்றால், நான் என்னத்தப் பொய் சொன்னேன், சோறு வாங்கினேன், வாங்கினேன்னுதான அது சொல்லுது, தின்னேன்னு சொல்லலையே என்கிறாள். தட்டை அவளே வாங்கித் திரைக்கு அடியில் தள்ளினாள். உள்ளே பேனா மூடி திறந்தது.

அதன் பிறகு தினமும் வந்தாள். இன்சுலினும் அவள் பெயரில்தான். மருந்துக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. இரவில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழுகிற வீட்டில் அவள் பக்கத்தில் இருந்த இடம் காலியாகத் தொடங்கியது. பாவம், முடியலை போல என்று ஒருத்தி. முடியலைன்னா வீட்டுக்குள்ள தின்னக்கூடாதா, பெட்டியில பேரு சொல்லித் திங்கணுமா என்று இன்னொருத்தி. வருஷா வருஷம் இருபத்தேழாம் இரவுக்கு அவள்தான் ஹல்வா கிண்டிக்கொடுப்பாள், இந்த முறை யாரும் கேட்டு வரவில்லை. நான் கடையில் வெங்காயம் உரிக்கிற நேரம் பார்த்து அழுதுகொண்டேன், அது வசதி. உன் அம்மாவோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன், உனக்கே தெரியும். இந்த ரமலானில்தான் அவள் எவ்வளவு பெரிய மனுஷி என்று பார்த்தேன்.

ஆனால் இன்னொன்று நடந்தது. அந்தப் பணத்துக்குள்ளே வேறொரு குர்ஷித் பேகம் வளர ஆரம்பித்தாள். அவளுக்குச் சர்க்கரை. அவள் நோன்பு வைப்பதில்லை. அவளுக்கு மதியம் பசிக்கும். பிறை இருபதுக்கு மேல் வீட்டுக்கு ஒரு நர்ஸம்மா வந்து காலைக் காட்டுங்க, புண் இருக்கா என்று பார்த்துவிட்டுப் போனார். கடையில் கருப்பட்டி வாங்கப் போனால், உங்கள் உடல்நிலைக்கு இது ஏற்றதல்ல என்று வந்து, பணம் போகவில்லை. ஒட்டன்சத்திரத்து மச்சான் மௌத்தானார் என்று தகவல் வந்து அவள் காலை பஸ்ஸில் போனாள். மையித்தை இன்னும் அடக்கத்துக்கு எடுக்கவில்லை, பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள், இவள் நோன்போடு உட்கார்ந்திருக்கிறாள். மதியம் போன் கூவியிருக்கிறது. குர்ஷித் பேகம், நீங்கள் இன்று இன்னும் சாப்பிடவில்லை, மருந்துக்குப் பின் உணவு அவசியம், உங்கள் அருகில் இந்த உணவகங்கள் உள்ளன என்று பெயரும் வழியும் காட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஏனுங்க, உடம்பு முடியலைங்களா, போய்ச் சாப்டுட்டு வாங்க என்று ஒரு அம்மா சொன்னார்களாம். இங்கே தட்டுக்குப் பெயர் இல்லாமல் போய்விடுமே என்று உன் அம்மா கடைசியாக முகம்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ் பிடித்து ஓடிவந்தாள். வந்ததும் கடை முன்னால் மூச்சு வாங்க நின்று போனைக் காட்டினாள். தாமதமானாலும் சாப்பிட்டீர்கள், மகிழ்ச்சி என்று ஒரு செய்தி வந்தது. அவளுடைய உதடு வெடித்துக் கிடந்தது, விடியலுக்கு முன் சஹரில் குடித்த தண்ணீர்தான்.

பெருநாளன்று ரிஃபாத் வீட்டுக்கே வந்தாள், சந்து வழியாக. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னால நீங்க கெட்ட பேரு எடுத்துட்டீங்க அம்மா என்றாள். கெட்ட பேரு எனக்கில்ல, அந்தப் போனுக்குள்ள இருக்காளே ஒருத்தி, அவளுக்கு என்றாள் இவள், மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அதற்கு அடுத்த நாள் அவளை ஓரிடத்துக்கு அனுப்பிவிட்டோம். எங்கே என்று எழுத மாட்டேன். அங்கே நோட்டு இன்னும் கை மாறுகிறது, மருந்து கெடாத அளவுக்குக் குளிர்ச்சி இருக்கிறது, அவளை வைத்திருப்பவர்கள் நல்லவர்கள். மருந்து இங்கிருந்து அம்மா பெயரில் வாங்கி ஒரு ஆள் மூலம் மேலே போகிறது, வாரம் ஒரு முறை ஒரு சீப்பு மலைப்பழம் கீழே வருகிறது. பழம் வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள். அந்தப் பழம் எங்கே விளையும் என்று உனக்குத் தெரியும்.

சரி, பெருநாள் முடிந்தது, அவளும் போய்விட்டாள், இன்னும் ஏன் அம்மா பெயரில் தினமும் மதியச் சாப்பாடு வருகிறது என்று நீ கேட்பாய். அவள் போன நாளும் அம்மா சாப்பாட்டை நிறுத்திய நாளும் ஒன்றாக இருந்தால், அதற்குப் புரிந்துவிடும். மருந்தும் தொடர வேண்டும், மருந்து வாங்குகிறவள் சாப்பிடவும் வேண்டும். அதனால் நான் திரையைக் கழற்றவில்லை. நோன்பு முடிஞ்சும் திரை எதுக்கு பாய், கழட்ட மறந்துட்டீங்களா என்று சோலைமலை கேட்டார், கிழிஞ்சுருக்கு, தைக்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மதியம் உன் அம்மா வருவாள், பெட்டி பேர் சொல்லும், நான் சோற்றைப் பின் அறைத் திரைக்கு அடியில் தள்ளுவேன். அங்கே யாரும் இல்லை, சாயங்காலம் எடுத்துப் பூனைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

பாஸிலா, முதல் நாளே தட்டு காலியாக இருந்தது. வழித்துத் தின்ற தட்டு, ஓரமாக முருங்கைக்காய்ச் சக்கை ஒதுக்கி வைத்திருந்தது. பூனை அப்படி வைக்காது. மறுநாள் காது கொடுத்துக் கேட்டேன். சந்துக் கதவு கிறீச்சிட்டது, யாரோ உட்கார்ந்தார்கள். பேனா மூடியின் சத்தம் இல்லை. செத்த நேரம் கழித்துப் பலகையில் தட்டுக் கேட்டது, இரண்டு இல்லை, மூன்று. இந்த வாரம் சில நாள் இரண்டு பேர் மூச்சுச் சத்தம் கேட்கிறது, ஒரு தட்டுத்தான். வேறு யாருடைய போன் சாம்பலாகியிருக்கிறதோ, அவர்களுக்கு யார் இந்தச் சந்தைச் சொன்னார்களோ, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. துணியை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறேன். பார்க்கவில்லை. சோற்றை மட்டும் முன்னைவிடக் கூட்டி அமுக்கி வைக்கிறேன்.

மற்றபடி நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதை அடைத்தாயிற்று. மாப்பிள்ளை அங்கே இதே மாதிரிப் பணத்துக்கு ஏதோ புரோகிராம் எழுதுகிற கம்பெனியில் சேரப்போவதாகச் சொன்னார், சம்பளம் அதிகம் என்றாய். நான் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை, அவருக்குத் தெரியாததா. அந்தப் பெட்டிக்குச் சத்தத்தை முழுக்கக் குறைக்க ஒரு பொத்தான் வைக்க முடியுமா என்று மட்டும் அவரிடம் கேள். நீ வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. தலைக்கு எண்ணெய் வை. வெளிச்சோறு குறைத்துக்கொள், வீட்டில் ஒரு ரசமாவது வை. இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுக்காதே, படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அதற்குப் பிறகு போனில் பேசும்போது அம்மா, மருந்து போட்டியா, மதியம் சாப்டியா என்று கேள். அவளும் ஆமாம் என்பாள். ஆறு நோன்பு முடியட்டும், பிறகு சாப்பிட்டேன் என்பதையாவது அவள் பொய் இல்லாமலே சொல்லலாம்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும், மடியில் ஒரு பிள்ளையைத் தந்து எங்களையும் பார்க்க வைக்கட்டும், ஆமீன். உன் அம்மா உன் நெற்றியில் முத்தம் வைக்கச் சொல்கிறாள், ஜெஸ்ஸியிடம் சொன்னால் அந்தப் பிள்ளை வைத்தாலும் வைக்கும். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. அம்மா கணக்கை உன் போனிலிருந்து எடுத்துவிடாதே. தினமும் பார். மதியச் சாப்பாடு என்று அவள் பெயரில் வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சுகம், நீ நிம்மதியாகத் தூங்கு. என்றைக்காவது ஒரு நாள் அது வரவில்லை என்றால், போன் செய்யாதே, யாரிடமும் கேட்காதே, அன்றைக்கே கிளம்பி வா.

துஆவுடன்,
உன் அத்தா
மீரான்